மலையேறும் மதுரை

சமணர் படுக்கைகளை நோக்கி ஒரு நகரத்தையே நடக்க வைத்த தன்னார்வலர்கள்

மதுரையிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மொட்டைப் பாறை எதிரே வந்து நின்றுவிடும். மேலூர் ரோட்டில் யானைமலை. தேனி ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் கீழக்குயில்குடி சமணமலை. அழகர்கோயில் பக்கம் கிடாரிப்பட்டி, கிழக்கே வரிச்சியூர், தெற்கே திருப்பரங்குன்றம். இவற்றில் பல மலைகளின் இடுப்பில் ஒரு குகை இருக்கும். உள்ளே தலைமாட்டில் மேடு வைத்து வழவழவென்று செதுக்கிய கற்படுக்கைகள். குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடி. அந்தக் காடியை ஒட்டிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், குச்சி குச்சியாகச் சில எழுத்துகள் தெரியும். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் எழுத்துகளில் அவையும் சேர்த்தி.

படித்தவர்கள் இவற்றைக் கவனித்து நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மாங்குளத்தை ஒட்டி மீனாட்சிபுரம் மலையில் இருப்பவற்றை 1882-ல் ராபர்ட் சுவெல் பதிவு செய்தார். இது தமிழ்தான் என்று 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அறுபதுகளில் ஐராவதம் மகாதேவன் அதே பாறையில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரைப் படித்துக் காட்டினார். கணிநந்தன் என்ற சமணத் துறவிக்கு இருப்பிடம் செய்து கொடுத்தவர்களின் பட்டியல் அது. அரசனின் பணியாள் கடலன் வழுதி, அரசனுக்கு உறவுக்காரர் ஒருவர், வெள்ளறை ஊர் வணிகர் குழு என்று இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய நன்கொடையாளர்கள் அங்கே வரிசையாக நிற்கிறார்கள்.

இவ்வளவும் ஆய்வேடுகளுக்குள் பத்திரமாக இருந்தன. மதுரைக்காரருக்கோ அந்த மலைகள் சீட்டாடப் போகிற இடம், பாட்டில் உடைக்கிற இடம், காதலித்தவரின் பெயரைப் பெயின்ட்டால் எழுதிவைக்கிற இடம். தொல்லியல் துறையின் நீலப் பலகை ஒன்று, சேதப்படுத்தினால் தண்டனை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எச்சரித்துக்கொண்டு அடிவாரத்தில் நிற்கும். அதை ஆடு மேய்ப்பவர்கள் தவிர வேறு யாரும் தினமும் பார்ப்பதில்லை.

2010 வாக்கில் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை ஒன்று அரசிடம் இருந்தது. சிற்பம் என்று சொன்னாலும் உளி விழப்போவது மலை மேல்தான் என்று ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து மக்கள் புரிந்துகொண்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, யோசனை கைவிடப்பட்டது. அந்தச் சமயத்தில் அந்த மலையைப் பற்றி எழுதிய எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் அதை நேரில் பார்க்கக் கூட்டம் சேர்த்துக்கொண்டு போனதிலிருந்து உருவானதுதான் ‘பசுமை நடை’. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, விடிகாலையில் ஒரு மலை அல்லது ஒரு பழைய இடம். வரலாறு தெரிந்த ஒருவர் அங்கேயே நின்று விளக்குவார். இறங்கி வந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து காலைச் சாப்பாடு. திட்டம் அவ்வளவுதான்.

யானைமலையிலிருந்து தொடங்கியது பொருத்தம்தான். ‘யானை’ என்ற உவமை நம் காலத்துச் சுற்றுலாக்காரர் கண்டுபிடித்தது அல்ல. தமிழி எனப்படும் பழைய தமிழ் எழுத்தில் அங்குள்ள கல்வெட்டே அதை யானைக் குன்றம் என்ற பொருளில்தான் குறிக்கிறது. அதே மலையின் அடிவாரத்தில் கி.பி. 770-ல் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை தொடங்கினார். முடிக்குமுன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். கொஞ்சம் தள்ளி முருகனுக்கு இன்னொரு குடைவரை. மேலே வண்ணப் பூச்சின் மிச்சத்தோடு சமணத் தீர்த்தங்கரர்கள். ஒரே பாறையில் இத்தனை பேர் குடியிருந்திருக்கிறார்கள். இதைத்தான் உடைத்துச் சிலை செய்யலாம் என்று யோசித்திருக்கிறோம்.

தலையை எண்ணுகிற வேலை

இம்மாதிரிக் குழுக்களைப் பற்றி எழுதும்போது நாம் எல்லோரும் கண்டுபிடிப்புகளைத்தான் எழுதுகிறோம். புதிதாக ஒரு நடுகல் கிடைத்தது, ஒரு தூணில் சோழன் பெயர் இருந்தது என்று. உள்ளபடி தன்னார்வலரின் வேலையில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் கல்யாண வீட்டு வேலை.

அடுத்த நடைக்கு எந்த மலை என்று முடிவானதும் இரண்டு பேர் முன்னதாகப் போய்ப் பாதை பார்த்து வர வேண்டும். மழைக்குப் பின் பாசி பிடித்திருக்கிறதா, தேன்கூடு எங்கே இருக்கிறது, முட்புதர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, பஸ்ஸைத் திருப்ப இடம் உண்டா. ஊர்ப் பெரியவரிடமும், மலையில் கோயில் இருந்தால் பூசாரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் போனால் “எங்கிட்டுப் போறீக?” என்ற கேள்வி பாதி மலையில் வந்து மறிக்கும், அது நியாயமான கேள்வியும்கூட. எத்தனை பேர் வருவார்கள் என்பது கடைசி நிமிடம்வரை தெரியாது. வருகிறேன் என்றவர் வராமல் இருப்பார், சொல்லாதவர் மாமியார் மச்சான் குழந்தைகளோடு வந்து இறங்குவார். இதற்கு நடுவே இட்லிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஏறும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருகிறவர்தான் முக்கியமானவர். மூட்டுவலிக்காரரின் பேச்சுத்துணை அவர், செருப்பு அறுந்தவருக்குக் கயிறு கொடுப்பவரும் அவர். ஏறும்போது எண்ணிய தலை இறங்கும்போதும் சரியாக இருக்க வேண்டும். விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கிற கல்லூரிப் பையனை அதட்டாமல், அதே சமயம் அதட்டியும் இழுத்து வர வேண்டும். எல்லோரும் கிளம்பிய பிறகு தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பொறுக்கி மூட்டை கட்டுகிறவர்கள் யாருடைய போட்டோவிலும் இருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கீழக்குயில்குடியில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பக்கத்தில் பெரிய ஆலமரம். அந்த நிழலில் வட்டமாக உட்கார்ந்து ஆட்டோ ஓட்டுநரும் பேராசிரியரும் ஒரே சட்டியிலிருந்து பொங்கல் வாங்கும்போதுதான் கூட்டம் குழுவாகிறது. கல்வெட்டைக் கேட்டுவிட்டு அவரவர் பைக்கில் ஏறிப் போயிருந்தால் பசுமை நடை இரண்டு வருஷம் தாண்டியிருக்காது என்பது என் கணிப்பு. 2013-ல் இருபத்தைந்தாவது நடையை அந்த ஆலமரத்தடியிலேயே ‘விருட்சத் திருவிழா’ என்று கொண்டாடினார்கள். மரத்தை மையமாக வைத்து விழா எடுப்பது நம் கிராமங்களுக்குப் புதிதல்ல, நகரத்துக் குழுவுக்கு அது தோன்றியதுதான் நல்ல விஷயம்.

செட்டியாரும் தீர்த்தங்கரரும்

சமணமலையின் தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்ற குகை. வாசலுக்குப் பக்கத்துப் பாறையில் அகலமான தோளும் நீண்ட காதுமாக ஒரு தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். தொங்கும் காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். புடவு என்றால் குகை. குகைக்குள் குனிந்து பார்த்தால் சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வருகிற எதிரியோடு போர் செய்யும் ஒரு பெண். மலையின் இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். சுனையோரம் வரிசையாக எட்டுப் புடைப்புச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அதில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார். அவர் அச்சணந்தி என்ற புகழ்பெற்ற சமண ஆசிரியரின் தாய். மகன் மலை மலையாகப் போய்த் திருமேனிகள் செய்வித்துக்கொண்டிருந்தார், அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று.

இந்த விளக்கமெல்லாம் மலையில் நின்று கேட்கும்போது வேறாக இருக்கும். பசுமை நடையில் பெரும்பாலும் அதைச் சொல்கிறவர் தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொ. சாந்தலிங்கம். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளோடு வாழ்நாளைக் கழித்தவர். கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும், ரிட்டையர்டு தலைமையாசிரியரும் இருப்பார். இருவருக்கும் புரிகிற தமிழில் கல்லைப் படிப்பது எளிதல்ல. நடைகளில் சொன்ன வரலாற்றைத் திரட்டி ‘மதுர வரலாறு’ என்ற நூலாகவும் பசுமை நடை கொண்டுவந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அச்சணந்தியின் பெயர் மறந்துபோன பல நூறு ஆண்டுகள் அந்தச் சிற்பங்கள் யார் காவலில் இருந்தன? அவற்றைச் செட்டியார் என்றும் பேச்சியம்மன் என்றும் கருப்பு என்றும் கும்பிட்ட சனங்களின் காவலில்தான். கற்படுக்கையைப் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று அவர்கள் சொன்னது வரலாற்றுப்படி தப்பு. ஆனால் பாண்டவர் படுத்த இடம் என்ற மரியாதைதான் அங்கே கடப்பாரை விழாமல் பார்த்துக்கொண்டது. பாரம்பரியக் குழுக்களில் சிலர் இந்தக் கதைகளைத் திருத்துவதில் காட்டுகிற அவசரத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. அச்சணந்தியையும் சொல்லுங்கள், செட்டியாரையும் இருக்க விடுங்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர் மாதத்துக்கு ஒரு காலை வருகிறார். விளக்குப் போடுகிறவர் தினமும் வருகிறார்.

திருப்பரங்குன்றத்தில் இது இன்னும் நுட்பமானது. சமணப் படுக்கை, முருகனின் குடைவரை, சிக்கந்தர் தர்கா எல்லாம் ஒரே மலையில். அந்த மலையை வைத்து 2025-ல் எழுந்த சச்சரவுகளைப் பார்த்தவர்களுக்கு, யார் யாரெல்லாம் இங்கே இருந்தார்கள் என்று பொறுமையாக நடந்து காட்டுகிற வேலை வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று புரியும்.

பக்கத்து மலை போன பிறகு

மேலூர் வட்டாரத்தில் கீழவளவு என்று ஓர் ஊர். அங்குள்ள பாறைக் குகையில் ஒரு விசித்திரக் கல்வெட்டு. எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. தொண்டி ஊர்க்காரர் ஒருவர் துறவிகள் தங்கப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி. கடலோரத் தொண்டியிலிருந்து இங்கே வந்து கொடை கொடுத்திருக்கிறார் என்றால் இது வணிகப் பாதை.

அந்தக் குகைக்கு வெளியே நின்று சுற்றிப் பார்த்தால் இன்னொரு வரலாறு. பக்கத்துப் பாறைகள் செங்குத்தாக அறுக்கப்பட்டு, பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் தேங்கி, விலை போகாத கட்டைகள் வீடு உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். 2012-ல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், மதுரை கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,338 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டு அறிக்கை அனுப்பினார். அந்த எண் நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. குளமும் கண்மாயும் ஓடையும் போனதற்கும், ஒருவேளை யாரும் படிக்காத எழுத்துகள் துண்டுகளாகிக் கப்பல் ஏறியதற்கும் எண் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1958 சட்டமும் அதன் 2010 திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கு வெளியே 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும் என்கின்றன. மாநிலத்துக்கும் 1966 முதல் தனிச் சட்டம் உண்டு. இவையெல்லாம் பட்டியலில் ஏறிய சின்னத்துக்குத்தான். பட்டியலில் ஏறாத மலைக்குச் சாட்சி சொல்ல யாராவது அதைப் பார்த்திருக்க வேண்டும், படம் எடுத்திருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும். மாதம் ஒரு முறை நூறு பேரை மலைக்குக் கூட்டிப் போவதன் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். நாளைக்கு இங்கே ஒன்றும் இல்லை என்று யாராவது கோப்பில் எழுதினால், இருந்தது என்று சொல்ல நூறு பேர் இருப்பார்கள்.

193-ம் 2,015-ம்

அப்படிச் சாட்சி சொல்வது அரிட்டாபட்டியில் நடந்தது. மேலூர் பக்கத்துச் சிற்றூர். கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயிமலை, தேன்கூட்டுமலை உள்ளிட்ட ஏழு குன்றுகள். கழிஞ்சமலைக் குகையில் நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் கொடை தந்ததைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டு, வெளியே அச்சணந்தி காலத்துத் தீர்த்தங்கரர். இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதில் தமிழ்நாட்டில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பம். பாறை விளிம்புகளில் லகர் வல்லூறும் ராஜாளியும் கூடு கட்டுகின்றன. சுனைகள் மட்டும் இருநூறு என்று அரசுக் குறிப்பே சொல்கிறது.

கல் குவாரிக்கு எதிராக அந்த ஊர்க்காரர்களே பல ஆண்டு போராடியவர்கள். வெளியிலிருந்து போனவர்கள் கல்வெட்டைச் சொன்னார்கள், பறவை பார்க்கிறவர்கள் பட்டியல் எடுத்தார்கள், ஊர் இரண்டையும் தன் வழக்குக்குச் சேர்த்துக்கொண்டது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டே ஆண்டில் அடுத்த அடி. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்ததாக 2024 நவம்பரில் மத்திய அரசின் அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர். பாரம்பரியத் தலத்தின் பெரும்பகுதி அதற்குள் கிடந்தது. செய்தி வந்த சில நாட்களிலேயே அரிட்டாபட்டிப் பெண்கள் பேட்டி கொடுத்தார்கள். கண்மாயைச் சொன்னார்கள், ஆடு மாட்டைச் சொன்னார்கள், சாமியைச் சொன்னார்கள். அதே மூச்சில் இரண்டாயிரம் வருஷத்துக் கல்வெட்டையும் சொன்னார்கள். இருபது வருஷம் முன்பு இந்தக் கடைசி வாக்கியம் அந்த வாயிலிருந்து வந்திருக்காது. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து.

இந்த வெற்றியைப் பாரம்பரியக் குழுக்களின் கணக்கில் எழுதுவது அநியாயம். அது விவசாயிகளின் வெற்றி. குழுக்கள் செய்தது, விவசாயியின் கையில் இன்னுமொரு ஆதாரத்தைக் கொடுத்தது. அது சின்ன வேலை, ஆனால் வேறு யாரும் செய்யாதது.

மதுரைக்கு மட்டும் இந்தப் பெருமை இல்லை. திருச்சியில் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் 1982-ல் தொடங்கிய டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்று ஆய்வு மையம், கிளினிக் நேரம் போக மிச்ச நேரத்தில் சோழர் கோயில்களை அங்குலம் அங்குலமாக அளந்தது, ‘வரலாறு’ என்று ஆய்விதழும் நடத்தியது. ராமநாதபுரம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியின் பாரம்பரிய மன்றத்தில் பிள்ளைகளே கல்வெட்டு வாசித்தார்கள். கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் நடுகல் தேடி ஞாயிறுதோறும் கிளம்பும் குழுக்கள் உண்டு. இப்படிக் கிடைப்பவை முறையாகப் பதிவாக ‘ஆவணம்’ என்ற ஆண்டிதழைத் தமிழகத் தொல்லியல் கழகம் நடத்துகிறது. செய்தித்தாளில் போட்டோ வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் குழுக்கள் அந்த இதழின் பழைய பிரதிகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. கல்லைத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, ஈரத் தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்து, வரி வரியாகப் படித்து, ஊரும் சர்வே எண்ணும் சேர்த்து எழுதினால்தான் அது சாட்சி. சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடிழுத்து எடுத்த படம் சாட்சி ஆகாது, சேதம்தான்.

சொல்லலாமா, வேண்டாமா?

குறைகளும் உண்டு. பெரும்பாலான குழுக்கள் ஒன்றிரண்டு பேரின் தோளில் நிற்கின்றன. அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால், உடம்புக்கு முடியாமல் போனால், ஞாயிறு மறுபடி ஞாயிறாகிவிடும். தமிழியும் வட்டெழுத்தும் படிக்கக் கற்றுக்கொண்ட அடுத்த தலைமுறை தன்னார்வலர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. கேட்க வருகிறவர்கள் நூறு, படிக்கத் தெரிந்தவர் ஒருவர் என்பது ஆபத்தான விகிதம்.

அதைவிடப் பெரிய தகராறு ஒன்று குழுக்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கருங்காலக்குடியிலும் கிடாரிப்பட்டியிலும் கல்வெட்டோடு பாறை ஓவியங்களும் உண்டு. இப்படி இன்னொரு இடம் புதிதாகக் கண்ணில் பட்டால் வெளியே சொல்லலாமா? சொன்னால் அடுத்த வாரமே ரீல்ஸ் எடுக்கக் கூட்டம் வரும், ஓவியத்தின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்ப்பார்கள், புதையல் என்று தோண்டவும் ஆள் வரும். சொல்லாவிட்டால் கூட்டம் வராது, ஆனால் ஒரு நாள் வெடிமருந்து வரும், அப்போது கேட்க நாதி இருக்காது. இரண்டு கட்சிக்கும் தமிழ்நாட்டில் உதாரணங்கள் இருக்கின்றன.

நான் சொல்லிவிடும் கட்சி. ஆனால் சொல்கிற வரிசை முக்கியம். முதலில் அந்த மலையை ஒட்டிய ஊருக்கு, அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு, பூசாரிக்கு. அடுத்து விஏஓ வழியாகத் தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில். ஃபேஸ்புக்குக்கு அதற்கப்புறம் போகலாம். பல குழுக்கள் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் வைத்திருக்கின்றன, கீழவளவில் கல்வெட்டு வெட்டிய ஆளைப் போல.